அடித்தவனுக்கு வகுப்பறை, அடிபட்டவனுக்கு டிசி

2003 செப்டம்பரில் நியூயார்க் நகரப் பள்ளிகள் திறந்தபோது, மன்ஹாட்டனின் ஆஸ்டர் பிளேஸில் ஒரு கட்டடத்தின் வாசலில் இரண்டு கூட்டங்கள் நின்றன. ஒன்று நரகத்தைப் பற்றிய பதாகைகளைத் தூக்கிப் பிடித்திருந்தது. மற்றொன்று உள்ளே போகும் மாணவர்களுக்குக் கைதட்டியது. அன்று அங்கே சேர்ந்தவர்கள் சுமார் 100 பேர். வேறெந்தப் பள்ளியிலும் நிம்மதியாக உட்கார முடியாமல் வந்தவர்கள். ஹார்வி மில்க் உயர்நிலைப் பள்ளி அப்போதுதான் முழு அங்கீகாரம் பெற்ற அரசுப் பள்ளியாக மாறியிருந்தது. விரிவாக்கத்துக்கு நகரக் கல்வி வாரியம் 32 லட்சம் டாலர் ஒதுக்கியிருந்தது. தன்பாலீர்ப்புள்ள மாணவர்களும் திருநர் மாணவர்களும் மற்றப் பள்ளிகளில் அடியும் வசையும் வாங்குகிறார்கள், அவர்களுக்கென்று பாதுகாப்பான ஓர் இடம் வேண்டும் என்று மேயர் மைக்கேல் புளூம்பர்க் வெளிப்படையாக ஆதரித்தார்.

இப்படி ஒரு தனிப் பள்ளி நல்லதுதானா என்று அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால் என்னிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. அடிபடும் பிள்ளைக்கு அந்தப் பள்ளி வேண்டும். அந்தப் பிள்ளையை அனுப்பிவைக்கும் பள்ளிக்கோ அப்படி ஒரு வசதி கிடைக்கவே கூடாது.

தேவாலயத்தில் ஒரு வகுப்பறை

கதை 2003இல் தொடங்கவில்லை. 1979இல், நியூயார்க்கில் ஒரு காப்பகத்தில் தங்கியிருந்த பதினைந்து வயதுப் பையனை மற்றப் பையன்கள் அடித்து நொறுக்கினார்கள். காப்பக நிர்வாகம் வெளியேற்றியது அடித்தவர்களை அல்ல, அவனை. தன்பாலீர்ப்பு உள்ளவன் என்பதால் அவன்தான் பிரச்சினையாம். இதைக் கேள்விப்பட்டுக் கொதித்துப்போனவர்கள் இருவர்: எமரி ஹெட்ரிக் என்ற மனநல மருத்துவர், அவருடைய வாழ்க்கைத் துணையும் நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியருமான டேமியன் மார்ட்டின். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக அவர்கள் தொடங்கிய அமைப்புதான் இன்று ஹெட்ரிக்-மார்ட்டின் நிறுவனம் என்று அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அமைப்பைத் தேடி வந்த பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூடத்தையே விட்டிருந்தார்கள். படிப்பு வராமல் அல்ல. வகுப்புக்குப் போகும் வழி, இடைவேளை, கழிப்பறை என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கண்டம். ஆலோசனை சொல்லி அனுப்பினால் மட்டும் போதாது என்று புரிந்தது. 1985இல் கிரீனிச் வில்லேஜில் ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தில் இடம் பிடித்தார்கள். கல்வி வாரியம் ஓர் ஆசிரியரை அனுப்பியது. அவர் பெயர் ஃபிரெட் கோல்டுஹேபர். இருபது சொச்சம் மாணவர்கள். அதுதான் முதல் பள்ளி.

அந்த ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்பதையும் நினைக்க வேண்டும். எய்ட்ஸ் பீதி உச்சத்தில் இருந்தது. எய்ட்ஸ் உள்ள ஒரே ஒரு குழந்தையைப் பள்ளியில் படிக்க அனுமதித்ததற்காக, அதே நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் 1985 செப்டம்பரில் பெற்றோர்கள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவைத்துப் போராடினார்கள். அந்தச் சூழலில், ‘எல்லாப் பள்ளிகளும் திருந்தட்டும், அதுவரை பொறு’ என்று ஒரு பதினைந்து வயதுப் பையனிடம் யார் சொல்ல முடியும்? தனிப் பள்ளியைக் கொள்கை பேசி மறுப்பவர்கள் இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட்டு மேலே போக வேண்டும். ஹெட்ரிக் 1987இலும் மார்ட்டின் 1991இலும் எய்ட்ஸால் இறந்தார்கள்.

ஆனால், அந்தத் தேவாலய வகுப்பறைக்கு ஓராண்டு முன்பே, நாட்டின் மறு கரையில் இன்னொருவர் வேறு வழி பிடித்திருந்தார். லாஸ் ஏஞ்சலீஸ் ஃபேர்ஃபாக்ஸ் உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை வர்ஜீனியா உரிபே. பள்ளி பள்ளியாக மாற்றப்பட்டு அங்கே வந்து சேர்ந்த ஒரு கறுப்பின மாணவன், சக மாணவர்களிடம் அடியும் ஆசிரியர்களிடம் ஏளனமும் வாங்கிக் கடைசியில் படிப்பையே விட்டுப் போனதைப் பார்த்தார். மதிய உணவு நேரத்தில் தன் அறையைத் திறந்துவைத்தார், வந்தவர்களோடு பேசினார். 1984இல் ‘புராஜெக்ட் 10’ என்ற பெயரில் அது உருப்பெற்றது. பிள்ளையைப் பள்ளியை விட்டு எடுக்காமல், பள்ளிக்குள்ளேயே அதற்கு ஓர் ஆளையும் ஓர் அறையையும் கொடுப்பது. செலவு சொற்பம். நான்கு ஆண்டுகள் கழித்து மாசசூசெட்ஸில் ஒரு பள்ளியில் தன்பாலீர்ப்புள்ள மாணவர்களும் மற்றவர்களும் கூட்டாக முதல் மாணவர் சங்கம் வைத்தபோதும் அடிப்படை இதேதான். இன்று அமெரிக்கப் பள்ளிகளில் இத்தகைய சங்கங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தனிப் பள்ளிகளை எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

வலதும் இடதும் சேர்ந்து எதிர்த்த பள்ளி

2003இல் ஹார்வி மில்க் பள்ளியை எதிர்த்தவர்களில் மதவாதிகள் இருந்தார்கள் என்பதில் வியப்பில்லை. வழக்குப் போட்டவர்களில் முக்கியமானவர் பிராங்ஸ் பகுதியின் மாநில செனட்டர் ரூபன் டியாஸ். பெந்தகொஸ்தே போதகர், ஆனால் ஜனநாயகக் கட்சிக்காரர். தன்பாலீர்ப்பைப் பற்றிய அவருடைய கருத்துகளில் எனக்கு எள்ளளவும் உடன்பாடு கிடையாது. அதற்காக அவர் வைத்த ஒரு வாதத்தைத் தூக்கி எறியவும் மனம் வரவில்லை. என் தொகுதியின் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் இடிந்து கிடக்கும்போது, நூறு பேருக்கு இவ்வளவு பணமா என்று கேட்டார். நியூயார்க் அரசுப் பள்ளிகளில் அப்போது படித்தவர்கள் சுமார் 11 லட்சம் பேர். அதில் நூறு பேர். பணம் வீண் என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. மிச்சம் இருக்கும் ஆயிரக்கணக்கான பால்புதுமை (குயர்) பிள்ளைகளுக்கு அந்தப் பணத்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்கிறது. டியாஸ் கேட்க நினைத்த கேள்வி அது அல்ல. ஆனாலும் கேள்வி அங்கேதான் இருக்கிறது. (ஆஸ்டர் பிளேஸுக்கு வந்த பிள்ளைகளில் பெரும்பாலோரும் பிராங்ஸ் போன்ற பகுதிகளின் கறுப்பின, லத்தீன் ஏழைப் பிள்ளைகள்தான் என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.)

தாராளவாதிகளிடம் வேறு தயக்கம். 1954இல் ‘பிரவுன்’ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி என்பதே சமத்துவத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைக் கொண்டாடும் நாமே ஒரு சாராருக்குத் தனிப் பள்ளி கட்டலாமா என்று கேட்டார்கள். பாதிதான் சரி இது. கறுப்பினப் பிள்ளைகளைச் சட்டம் தள்ளிவைத்தது. ஹார்வி மில்க் பள்ளிக்கு யாரும் யாரையும் துரத்திவிடவில்லை, எல்லாரும் தாமே கேட்டு வந்தார்கள். சேரும் மாணவரிடம் பாலீர்ப்பு என்ன என்று விசாரிப்பதும் இல்லை; அடிபட்டு வரும் எவருக்கும் இடம் உண்டு என்பதுதான் நகர நிர்வாகம் சொன்ன பதில். வேறொரு பள்ளியில் படித்து, அங்கே ஒட்டாமல் மாறி வருபவர்களுக்கான பள்ளியாகவே நகரத்தின் பட்டியலில் அது இருக்கிறது. தனிமைப்படுத்துதலுக்கும் அடைக்கலத்துக்கும் உள்ள வேறுபாடு இது.

ஆனால் ‘தாமே கேட்டு வந்தார்கள்’ என்ற சொற்களில் ஒரு வழுக்கல் இருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்தால் அடி, எழுந்து போனால் அமைதி என்று இரண்டே வழிகளை வைத்துவிட்டு, போனவனைப் பார்த்து ‘அவன் விருப்பம்’ என்று சொல்வது என்ன நியாயம்? இதை விளக்க விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்லாந்து என்ற சிற்றூருக்குப் போக வேண்டும்.

ஆஷ்லாந்தில் நடந்தது

ஜேமி நபோஸ்னி ஏழாம் வகுப்பு படிக்கும்போது தொடங்கியது. கேலி, எச்சில், தள்ளல். அறிவியல் வகுப்பில் இரண்டு மாணவர்கள் அவனைத் தரையில் தள்ளி வன்புணர்வு செய்வது போல நடித்தார்கள். இருபது பேர் பார்த்துச் சிரித்தார்கள். அவன் தலைமை ஆசிரியையிடம் ஓடினான். பையன்கள் என்றால் அப்படித்தான் இருப்பார்கள், நீ இப்படி வெளிப்படையாக நடந்துகொண்டால் இதையெல்லாம் எதிர்பார்க்கத்தான் வேண்டும் என்ற அர்த்தத்தில் பதில் வந்தது. உயர்நிலைப் பள்ளியில் கழிப்பறையில் வைத்து அவன்மேல் சிறுநீர் கழித்தார்கள். பின்பு ஒரு காலையில் வயிற்றில் மாறி மாறி உதைத்ததில், சில வாரங்கள் கழித்து உள்ளே ரத்தம் கசிந்து மயங்கி விழுந்தான். தற்கொலைக்கு முயன்றான். பெற்றோர் ஒவ்வொரு முறையும் பள்ளிக்கு நடந்தார்கள். ஒவ்வொரு முறையும் நடவடிக்கை எடுப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

பதினோராம் வகுப்பில் பள்ளியின் ஆலோசகர் ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டார்: இந்த நிர்வாகம் உனக்கு உதவப் போவதில்லை, வேறெங்காவது போய்ப் படி. அவன் ஊரை விட்டே போனான்.

பின்னர் வழக்குப் போட்டான். 1996இல் ஏழாவது மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த தீர்ப்பு, இந்தத் துறையில் அமெரிக்கப் பள்ளிகளை உலுக்கிய முதல் தீர்ப்பு. நீதிபதிகள் எளிமையான ஒரு கேள்வியைக் கேட்டார்கள். ஒரு மாணவிக்கு வகுப்பறையில் இப்படி நடந்திருந்தால் இந்த நிர்வாகம் சும்மா இருந்திருக்குமா? இருந்திருக்காது என்றால், மாணவனுக்கு மட்டும் பாதுகாப்பு இல்லை என்பது சட்டத்தின் சமப் பாதுகாப்பை மீறுவது. அந்த ஆண்டே நடுவர் குழு பள்ளி நிர்வாகிகளைப் பொறுப்பாளிகள் ஆக்கியது. 9 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வழக்கு முடிந்தது. பொறுப்பில் இருக்கும் தலைமை ஆசிரியர் தன் சொந்தப் பெயரில் நீதிமன்றத்தில் நிற்க நேரும் என்பது அதற்குப் பிறகுதான் நாடு முழுக்க உறைத்தது.

இப்போது கற்பனை செய்து பாருங்கள். ஆஷ்லாந்துக்குப் பக்கத்தில் அருமையான தனிப் பள்ளி ஒன்று இருந்திருந்தால்? அந்த ஆலோசகர் முதல் ஆண்டிலேயே, மிகுந்த கனிவோடு, அதன் விண்ணப்பப் படிவத்தை நீட்டியிருப்பார். நபோஸ்னி பிழைத்திருப்பான், படித்திருப்பான். அது சிறிய விஷயமல்ல. ஆனால் வழக்கு இருந்திருக்காது. தீர்ப்பும் இருந்திருக்காது. உதைத்தவர்கள் அதே வகுப்பில் அடுத்த பையனைத் தேடியிருப்பார்கள். அனுப்பும் பள்ளிக்கு அந்த வசதி கிடைக்கக் கூடாது என்று நான் சொன்னது இதனால்தான்.

நியூயார்க்கின் காலக் கணக்கும் இதற்குச் சாட்சி. தேவாலயத்தில் முதல் வகுப்பு தொடங்கியது 1985. மாநிலத்தின் எல்லா அரசுப் பள்ளிகளிலும் பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் காட்டித் துன்புறுத்துவதைத் தடை செய்யும் ‘எல்லா மாணவர்க்கும் கண்ணியம்’ சட்டம் கையெழுத்தானது 2010. நடைமுறைக்கு வந்தது 2012. இருபத்தைந்து ஆண்டுக்கு மேல். தனிப் பள்ளி இருந்ததால்தான் சட்டம் தாமதமானது என்று நான் சொல்லவில்லை. மாநிலத் தலைநகர் அல்பனியின் அரசியலுக்கு வேறு முட்டுக்கட்டைகள் இருந்தன. ஆனால் மாசசூசெட்ஸ் மாநிலம், தனிப் பள்ளி எதுவும் கட்டாமலே, 1993இல் இதே பாதுகாப்பைப் பாலீர்ப்பின் பேரில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டது. அங்கே மாணவர்களே சட்டமன்றத்தின் படியேறிக் கேட்டார்கள். அடிபட்ட பிள்ளைகள் பள்ளிகளுக்குள்ளேயே இருந்ததால்தான் அவர்கள் கூட்டாளிகளையும் அழைத்துவர முடிந்தது.

பள்ளிக்கு யார் பெயரை வைத்தார்களோ, அந்த ஹார்வி மில்க் என்ன செய்தார் என்பதும் யோசிக்க வேண்டியது. சான் பிரான்சிஸ்கோ நகர மன்றத்துக்கு 1977இல் வென்று வந்த அவர், இளமையில் சிறிது காலம் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். அவருடைய வாழ்வின் கடைசிப் பெரும் போராட்டம் பள்ளிக்கூடம் பற்றியதுதான். தன்பாலீர்ப்பு உள்ளவர்களைக் கலிபோர்னியா அரசுப் பள்ளிகளில் ஆசிரியராக இருக்க விடக் கூடாது என்ற 6ஆம் எண் முன்மொழிவு 1978 நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஊர் ஊராகப் போய் அதற்கு எதிராகப் பேசினார். முன்மொழிவு தோற்றது. இருபதே நாளில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சாதாரணப் பள்ளியின் சாதாரண வகுப்பறையில் அந்த ஆசிரியர் இருக்க வேண்டும் என்பதற்காகப் போராடியவரின் பெயர், அந்த வகுப்பறையில் இருக்க முடியாமல் போனவர்களின் பள்ளிக்கு வந்து சேர்ந்தது.

நியூயார்க்கைப் பார்த்து மற்ற ஊர்களும் முயன்றன. மில்வாக்கியில் 2005இல் ஓர் ஆசிரியை தொடங்கிய ‘அலையன்ஸ்’ பள்ளி, வதைபடும் எல்லாப் பிள்ளைகளுக்குமானது என்று சொல்லிக்கொண்டு நிலைத்தது. சிகாகோவில் 2008இல் 600 பேருக்கு ஒரு பள்ளி என்று திட்டமிட்டார்கள். மேயருக்குத் தயக்கம், போதகர்களின் எதிர்ப்பு. பெயரை மாற்றி, ‘தன்பாலீர்ப்பு’ என்ற சொல்லையே திட்டத்திலிருந்து அகற்றி எல்லாரையும் திருப்திப்படுத்தப் பார்த்தார்கள், ஆதரவாளர்களும் விலகினார்கள், திட்டம் மடிந்தது. அலபாமாவில் பர்மிங்ஹாம் அருகே 2021இல் ஒரு பள்ளி, பலமுறை அனுமதி மறுக்கப்பட்ட பிறகு திறந்தது. மறு ஆண்டே ஆளுநர் பதவிக்கான வேட்பாளர் ஒருவர் அந்தப் பள்ளியின் காட்சிகளைத் தன் தேர்தல் விளம்பரத்தில் போட்டுக் கண்டித்தார். பள்ளிக்கு மிரட்டல்கள் வந்தன. காவலைக் கூட்ட வேண்டியிருந்தது. பயந்த பிள்ளைகளை ஒரே முகவரியில் கூட்டிவைத்தால், வெறுப்பவர்களுக்கும் அந்த முகவரி கிடைத்துவிடுகிறது. அலபாமா போன்ற இடத்தில் அந்தப் பள்ளி இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்பதும் உண்மைதான்.

கொச்சியும் சென்னையும்

நம் பக்கத்தில் ‘தனிப் பள்ளி’ வேறு வடிவத்தில் வந்தது. 2016 டிசம்பரில் கொச்சியில் ‘சஹஜ்’ என்ற பெயரில் திருநருக்கான உறைவிடப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. திறந்துவைத்தவர் பொள்ளாச்சியைச் சேர்ந்த எழுத்தாளரும் செயற்பாட்டாளருமான கல்கி சுப்ரமணியம். நடத்த முன்வந்தவர்களும் திருநரே. சுமார் பத்துப் பேருக்கு இடம். ஆனால் மாணவர்கள் பதினைந்து வயதுக்காரர்கள் அல்லர், இருபத்தைந்துக்கு மேற்பட்டவர்கள். பாதியில் விட்ட படிப்பைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளாக எழுத வந்தவர்கள். பாகிஸ்தானில் லாகூரிலும் முல்தானிலும், வங்கதேசத்தில் டாக்காவில் ஒரு மதரசாவாகவும் இதே போன்ற முயற்சிகள் பின்னர் வந்தன. இவற்றைத் தனிமைப்படுத்தல் என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும். பள்ளி ஒரு காலத்தில் துரத்தியது. வயது போன பிறகு வேறொரு பள்ளி கூப்பிடுகிறது. கொடுக்க வேண்டிய கடன் அது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திருநர் என்று பதிவானோரின் எழுத்தறிவு 56 சதவீதம். மொத்த மக்களில் 74. அந்தப் பதினெட்டுக்கு வேறெப்படி ஈடுகட்டுவது?

பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கதை வேறு. 2019இல் யுனெஸ்கோவும் சென்னையின் ‘சகோதரன்’ அமைப்பும் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாட்டின் பால்புதுமை இளைஞர்களிடம் அவர்களின் பள்ளி நாட்களைப் பற்றிக் கேட்டது. நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னவர்கள் சுமார் 60 சதவீதம். தொடக்கப் பள்ளியிலேயே பாலியல் தொந்தரவுக்கு ஆளானவர்கள் 43 சதவீதம். பள்ளியில் யாரிடமாவது புகார் சொன்னவர்கள் 18 சதவீதம்தான். படிப்பை விட்டதற்கு இந்தத் தொல்லையே முக்கியக் காரணம் என்றவர்கள் மூன்றில் ஒரு பங்கு.

‘ஒன்பது’ என்று வகுப்பே கூப்பிடும். ‘பொட்டை மாதிரி நடக்காதே’ என்று பி.டி. ஆசிரியரே சொல்வார், சினிமா நகைச்சுவையில் பழகிய வாய்கள் அதற்கு மேலும் சேர்த்துக்கொள்ளும். காலையில் தண்ணீர் குடிக்காமலேயே வருவார்கள், கழிப்பறைக்குப் போகாமல் இருக்க. இந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தாங்கள் யார் என்று அப்போதே தெரியும்? பலருக்குத் தெரியாது. மற்றவர்கள் தீர்மானித்துவிட்டார்கள், அவ்வளவுதான். அடி வாங்குபவர்களில் ஒரு பகுதியினர் பின்னாளில் பால்புதுமையராக இல்லாமலும் இருக்கலாம்; மென்மையாகப் பேசுகிற, கோலம் போடப் பிடித்த பையன்களாக மட்டும் இருக்கலாம். தனிப் பள்ளி என்றால் இவர்களில் யாரைச் சேர்ப்பது? சேர வேண்டுமென்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அதற்கு வீட்டில் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளையின் சீருடையைப் பார்த்தே தெருவுக்கு எல்லாம் தெரிந்துவிடும் ஊரில், எந்தத் தாய் அந்தச் சீருடையை மாட்டி அனுப்புவாள்? நியூயார்க்கில் சுரங்க ரயிலேறி ஒரு மணி நேரத்தில் வேறு ஆளாகிவிடலாம். உசிலம்பட்டியில் முடியாது.

நம் சட்டங்களுக்கும் இந்தப் பிள்ளையின் வயது பிடிபடவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் பெறும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினரில் திருநரையும் தமிழ்நாடு சேர்த்திருக்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தச் சேர்க்கை நடப்பது எல்கேஜியில்! மூன்றரை வயதில் எந்தக் குழந்தை தன்னைத் திருநர் என்று எழுதிக் கொடுக்கும்? சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில், பால்புதுமையர் உரிமைகள் பற்றிய வழக்கில், பள்ளிகள் வரை நீளும் வழிகாட்டுதல்களைத் தந்தார். அந்த ஆண்டே என்சிஇஆர்டி, திருநர் குழந்தைகளைப் பள்ளிக்குள் அரவணைப்பது பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் ஆட்சேபித்த சில நாட்களிலேயே அது இணையதளத்திலிருந்து காணாமல் போனது. நீதிபதி அதிருப்தி தெரிவித்தார். ஆசிரியருக்கு ஒரு கையேடு கொடுக்கவே இத்தனை நடுக்கம் என்றால், தனிப் பள்ளியைப் பற்றிப் பேசுவது நமக்கு மிகச் சுலபமான வேலை. யாரையும் மாற்றச் சொல்லாத யோசனை அது.

தனிப் பள்ளிகள் பற்றி அமெரிக்காவைவிட நமக்கே அனுபவம் அதிகம். 1894இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் அடையாறில் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். ஊர்ப் பள்ளிகளில் தலித் பிள்ளைகளை உட்கார விடாத காலம் அது. அவர் திறக்காவிட்டால் அந்தக் குழந்தைகளுக்கு எழுத்தே இல்லை. பிற்பாடு அரசே ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளை நடத்தியது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் வந்தன. தலைமுறைகள் படித்து மேலே வந்தன. அதே சமயம், ஊர்ப் பள்ளி தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயமும் பல இடங்களில் இல்லாமல் போனது. ‘அதுங்களுக்குத்தான் தனிப் பள்ளிக்கூடம் இருக்குதே’ என்று ஒரு வாய்ப்பாடு பிறந்தது. 2023இல் நாங்குநேரியில், சக மாணவர்களின் சாதித் தொல்லையைப் பள்ளியில் சொன்ன தலித் மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களிலுள்ள சாதி அடையாளங்களை நீக்கி எல்லாப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரச் சொன்னது. நூற்றாண்டுக்கு மேல் நடந்த ஒரு தமிழகப் பரிசோதனையின் முடிவாக அதைப் படிக்கலாம். அப்போது தேவையாக இருந்த கதவு ஒன்று, திறந்தே கிடந்ததால் மற்றக் கதவுகளை மூடிவைக்க உதவியது.

காது கேளாத குழந்தைகளுக்கு ஏன் தனிப் பள்ளி என்று கேட்டால் ஒரு பதில் உண்டு: அவர்களின் மொழி வேறு, கற்பிக்கும் முறை வேறு. பால்புதுமைப் பிள்ளைக்கு வேறு கணக்கோ வேறு வேதியியலோ இல்லை. வகுப்பில் அடி விழாமல் இருந்தால் போதும். தேவை அவ்வளவுதான் என்றால் திருத்த வேண்டிய இடம் எது என்பதில் குழப்பம் வேண்டியதில்லை.

ஆகவே எனக்குத் தோன்றுவது இது. வீட்டிலும் வகுப்பிலும் ஒரே நேரத்தில் துரத்தப்படும் பிள்ளைகளுக்கு மாவட்டத்துக்கு ஒரு தங்குமிடம், ஹெட்ரிக்-மார்ட்டின் நிறுவனம் வைத்திருப்பது போல உணவும் ஆலோசகரும் உள்ள இடம், உடனடியாக வேண்டும். அங்கிருந்து அவர்கள் அருகிலுள்ள சாதாரண அரசுப் பள்ளிக்குப் போக வேண்டும். பதினெட்டு வயதைக் கடந்து படிக்க விரும்புவோருக்குக் கொச்சியைப் போல எத்தனை பள்ளிகள் வந்தாலும் நல்லது. இவை இரண்டும் செலவு. மூன்றாவதற்குச் செலவே இல்லை.

துன்புறுத்தல் தாங்காமல் படிப்பை விடும் பிள்ளைக்கு இன்று பள்ளி செய்வது ஒன்றுதான்: பெற்றோரைக் கூப்பிட்டு, ‘இங்க வேண்டாம்மா, வேற ஸ்கூல்ல சேர்த்துக்கங்க’ என்று டிசி கொடுப்பது. காரணம் கேட்டால் ‘பெற்றோர் விருப்பம்’ என்பார்கள். அதோடு கோப்பு முடிந்தது. அங்கேதான் கை வைக்க வேண்டும். துன்புறுத்தலால் ஒரு மாணவர் பள்ளி மாறினாலோ நின்றாலோ அந்த டிசி தலைமை ஆசிரியரின் கையெழுத்தோடு முடியக் கூடாது. முதன்மைக் கல்வி அலுவலரின் மேசைக்குப் போக வேண்டும். பாலியல் தொந்தரவு இருந்தால் போக்சோ சட்டம் இருக்கவே இருக்கிறது. அது ஆண் பிள்ளை, பெண் பிள்ளை, திருநர் பிள்ளை என்று பார்ப்பதில்லை. மற்றதற்கு, அந்தப் பிள்ளை போன பிறகு வகுப்பில் மிச்சம் இருக்கும் நாற்பது பேரிடமும் யார் பேசினார்கள், என்றைக்குப் பேசினார்கள், அடித்தவர்களின் பெற்றோரை அழைத்தார்களா, கேலி செய்த ஆசிரியர் யாராவது இருந்தால் அவர்மேல் எடுத்த நடவடிக்கை என்ன என்பதையெல்லாம் முப்பது நாளுக்குள் எழுத்தில் வாங்க வேண்டும். மறு ஆண்டு அதே பள்ளியிலிருந்து அதே காரணத்துக்காக இன்னொரு பிள்ளை வெளியேறினால், இடமாற்றம் போக வேண்டியவர் அந்தத் தலைமை ஆசிரியர்.